பானையில் ஒரு பேர்

மூன்றாம் ஆண்டு மாணவி, இயந்திரவியல் துறை



மாணவர் பேரவை மலருக்குப் படைப்புகள் கேட்டு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியதும், "நீ என்னடி எழுதப் போற?" என்று ஹாஸ்டலில் அறைத்தோழிகள் கேட்டார்கள். கவிதை எழுத நம் வகுப்பிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். கம்ப்யூட்டரைப் பற்றி எழுத அந்தத் துறைக்காரர்கள் இருக்கிறார்கள். பானை செய்கிற வீட்டிலிருந்து படிக்க வந்தவள், எனக்குத் தெரிந்தவரை, இந்தக் கல்லூரியில் நான் ஒருத்திதான். ஆகவே பானையைப் பற்றியே எழுதுகிறேன். "பானையில் எழுத என்ன இருக்கிறது?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நாம் செமஸ்டர் செமஸ்டராக மனப்பாடம் செய்கிற பாடத்தில் பாதி அதற்குள்தான் இருக்கிறது!

எங்கள் ஊர் மானாமதுரைப் பக்கம். வேளார் குடும்பம். அப்பா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அம்மா கையெழுத்து மட்டும் போடுவார். அப்பத்தாவுக்கு அதுவும் கிடையாது, பெருவிரல் ரேகைதான். ரேஷன் கடையில் அந்த விரலை மெஷினில் வைத்தால் பல நேரம் பதியாது. ஐம்பது வருஷம் மண்ணைத் தேய்த்துத் தேய்த்து ரேகையே மழுங்கிவிட்டது. "என் ரேகை எல்லாம் ஊர்ல இருக்கிற பானைக்குள்ள போயிருச்சு" என்று அப்பத்தா சிரிப்பார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல்.

எங்கள் வீட்டு வருஷம் காலண்டரைப் பார்த்து நடக்காது. தை என்றால் பொங்கல் பானை. பங்குனி என்றால் அக்னிச்சட்டி. சித்திரை, வைகாசியில் தண்ணீர்ப் பானையும் கூஜாவும். கார்த்திகைக்கு அகல் விளக்கு. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் மண் காயாது, விறகு காயாது, சூளை எரியாது. அந்த மாதங்களில் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்கு அரசு மழைக்கால நிவாரணம் தருகிறது. மீதியைக் கடன் தருகிறது!

முதலில் மண்ணைச் சொல்கிறேன். ஒரே கண்மாய் மண் போதாது. பசை உள்ள களிமண் ஓரிடத்தில், மெல்லிய வண்டல் வேறிடத்தில், மணல் ஆற்றில். பசை அதிகமானால் காயும்போது வெடிக்கும், மணல் அதிகமானால் சக்கரத்தில் எழும்பாது. மண் எடுக்க அனுமதி வாங்குவது தனி வேலை. 2024-ல் அரசு விதியை எளிதாக்கி, தாசில்தாரிடமே அனுமதி பெற்றுக் கட்டணமில்லாமல் எடுக்கலாம் என்றது. வந்த மண்ணை உடைத்து, சலித்து, ஊறவைத்து, மணல் தூவிக் காலால் மிதிக்க வேண்டும். எங்கள் வீட்டில் மிதிப்பது அம்மா. குதிகாலில் ஒரு சின்னக் கல் தட்டுப்பட்டாலும் அம்மாவுக்குத் தெரியும். நாம் மெட்டீரியல் டெஸ்டிங் லேபில் செய்கிற சோதனையை அம்மா காலால் செய்கிறார்.

அடுத்தது சக்கரம். நம் லேத்தில் நாலு தாடை சக்கில் ஜாபை மாட்டி மையம் பிடிக்க முதல் வாரம் நாம் பட்ட பாடு நினைவிருக்கிறதா? ஒரு தாடையைத் தளர்த்தினால் இன்னொரு பக்கம் ஆடும். அப்பா ஓடுகிற சக்கரத்தில் மண் உருண்டையை வைத்து இரண்டு உள்ளங்கையால் அணைத்தால் மூன்று சுற்றுக்குள் ஆட்டம் நின்றுவிடும். சாக்பீஸ் கோடு கிடையாது, டயல் கேஜ் கிடையாது. பழைய சக்கரத்தின் விளிம்பில் மண்ணும் நாரும் வைத்துப் பூசிக் கனமாக்கியிருப்பார் தாத்தா. தடியால் சுற்றிவிட்டால் ஒரு பானை முடியும் வரை ஓடும். எடை விளிம்பில் இருந்தால் சுழற்சி நீடிக்கும் என்று ஃப்ளைவீல் பாடத்தில் படித்தபோது நான் எழுந்து, "சார், எங்க தாத்தா செஞ்சிருக்காரு" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை, விவரம் கேட்டார். இப்போது எங்கள் வீட்டில் இருப்பது மின்சாரச் சக்கரம். காதி கிராமத் தொழில் ஆணையம் 2018-ல் தொடங்கிய குயவர் திட்டத்தில் நாடு முழுவதும் இப்படிப் பல வீடுகளுக்குச் சக்கரம் கிடைத்தது. தடி சுற்றிய தோள்வலி அப்பாவுக்குக் குறைந்திருக்கிறது.

பானை முழுசாகச் சக்கரத்தில் உருவாவதில்லை. வாயும் கழுத்தும்தான் சக்கரத்தில் முடியும். வயிறு தடிப்பாக, அடி திறந்தபடி இருக்கும். கொஞ்சம் காய்ந்ததும் மடியில் வைத்து, உள்ளே ஒரு உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே தட்டுப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடி, வயிற்றை மெலிதாக்கி விரிக்க வேண்டும். எங்கள் வீட்டில் தட்டுவதும் அம்மாதான். பெண்கள் சக்கரத்தில் உட்காருவதில்லை என்பது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். நான் சின்ன வயதில் அப்பா இல்லாத நேரம் உட்கார்ந்து பார்ப்பேன். அப்பாவுக்குத் தெரியும். கேட்டதில்லை.

பிறகு சூளை. காய்ந்த பானைகளை அடுக்கி, இடையிடையே விறகும் மட்டையும் வைத்து, மேலே வைக்கோல் பரப்பி, மண் சேறு பூசி மூடுவோம். முதலில் புகை மட்டும். மெல்ல மெல்லத்தான் தீயைக் கூட்ட வேண்டும். அவசரப்பட்டால் மண்ணுக்குள் இருக்கிற ஈரம் ஆவியாகிப் பானையை உடைத்துக்கொண்டு வெளியேறும். நம் ஊர்ச் சூளைகளின் வெப்பம் சுமார் 700 முதல் 900 டிகிரி சென்டிகிரேடு. அதற்குள் மண்ணின் வேதி அமைப்பில் கட்டுண்டிருக்கிற நீரும் போய்விடும். அதற்கப்புறம் எவ்வளவு ஊறவைத்தாலும் அது மறுபடி களிமண் ஆகாது. எரிந்து அடங்கிய பிறகும் அப்பா சூளையைப் பிரிக்க விடமாட்டார். "மூணாம் நாள்தான்" என்பார். ஏன் என்று கேட்டால், "அப்பா சொன்னாரு" என்பார். காரணத்தை நான் ஒரு புத்தகத்தில் பார்த்தேன். மணலில் இருக்கிற குவார்ட்ஸ் 573 டிகிரியில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொண்டு சட்டென்று விரிகிறது. ஆறும்போது அதே வெப்பத்தில் சட்டென்று சுருங்குகிறது. அந்த இடத்தை மெதுவாகக் கடக்காவிட்டால் விரிசல்தான். விடுமுறைக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். பீடியை அணைத்துவிட்டு, "அப்ப தாத்தா சொன்னதுக்கு நம்பர் கெடச்சிருச்சு" என்றார்.

குயவனுக்கு ஆறு மாசம், தடிகாரனுக்கு அரை நாழிகை என்று பழமொழி உண்டு. உடைக்கிறவன் தடியோடுதான் வர வேண்டும் என்பதில்லை நண்பர்களே. பேர் இல்லாமல் செய்தாலும் ஒரு தொழில் உடையும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது அதைத்தான்.

நமக்கு ஃபிட்டிங் தேர்வு நடக்கும். அராவி அராவி வி-ஜாயிண்ட் செய்து முடித்ததும் முதலில் என்ன செய்வோம்? நம்பர் பஞ்சை எடுத்து நம் பதிவு எண்ணை இரும்பில் அடிப்போம். அடிக்காவிட்டால் மதிப்பெண் கிடையாது. வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் யாருடையது என்று தெரியாத ஜாப் குப்பைத் தொட்டிக்குத்தான். முதல் செமஸ்டரில் அந்த எண்ணை அடித்தபோதே எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. நாற்பது வருஷமாக ஜாப் செய்கிறார். ஒன்றில்கூட எண் இல்லை.

ஊருக்குள் அது குறையாகத் தெரியவில்லை. எங்கள் பக்கம் புரவி எடுப்பு என்று ஒரு திருவிழா. அய்யனாருக்கு மண் குதிரை செய்து வைப்பார்கள். முதலில் ஊர்ப் பெரியவர்கள் வந்து வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். கைப்பிடி மண்தான், ஆனால் அது ஒப்பந்தப் பத்திரம் மாதிரி. குதிரைகள் வெந்து, வண்ணம் பூசி, கண் திறந்ததும் ஊரே திரண்டு வந்து தோளில் தூக்கிக்கொண்டு போகும். அன்றைக்கு அப்பாவுக்கு மாலை, பரிவட்டம். குதிரையில் பேர் எழுத வேண்டிய தேவையே இல்லை. யார் செய்தது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் எடுப்பு எல்லா ஊரிலும் வருஷா வருஷம் நடப்பதில்லை. பல ஊர்களில் சிமெண்டுக் குதிரை வந்துவிட்டது. ஆகவே அப்பாவின் பானையும் குதிரையும் ஊருக்கு வெளியே போக ஆரம்பித்தன. அவை வெளியே போனபோது பேர் ஊரிலேயே தங்கிவிட்டது.

நான் பதினொன்றாம் வகுப்புக்குப் போகாமல் டிப்ளமோ சேர்ந்த வருஷம், ஒரு பெரிய நகரத்துக் கண்காட்சிக்கு அப்பாவை அழைத்தார்கள். நானும் கூடப் போனேன். இரண்டு அடிக் குதிரை ஆறு, வைக்கோல் சுற்றி எடுத்துப் போனோம். ஒன்றின் காது மட்டும் வழியில் போயிற்று. அங்கே விளக்கு வெளிச்சத்தில், வெள்ளைத் துணி விரித்த மேடையில் எங்கள் குதிரையைப் பார்த்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு கம்பீரம்! கீழே ஒரு அட்டை. "சுடுமண் குதிரை, தமிழ்நாடு." விலை. அவ்வளவுதான். பக்கத்து மேடையில் ஒரு ஓவியம். அதன் அட்டையில் வரைந்தவர் பேர், ஊர், படித்த கல்லூரி, வருஷம் எல்லாம் இருந்தது. அப்பா மூன்று நாளும் காலை பத்து மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை சக்கரத்தில் உட்கார்ந்து செய்து காட்டினார். ஆயிரம் பேர் போட்டோ எடுத்திருப்பார்கள். பேர் கேட்டது ஒரே ஒரு பாட்டி. கடைசி நாள் தந்த சான்றிதழில் "பங்கேற்பாளர்" என்று இருந்தது.

சொல்லிக் கொடுக்கிற இடத்திலும் இதே கதைதான். ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மண்பாண்டம் கற்றுத்தர அப்பாவை மாதம் இரண்டு நாள் கூப்பிட்டார்கள். அப்பா சொல்லித்தருவதை நீங்கள் பார்க்க வேண்டும். பேச்சு குறைவு. பிள்ளையின் கை மேல் தன் கையை வைப்பார். மண் ஆட்டம் நிற்கிற நொடியில் தன் கையை எடுத்துவிடுவார். பிள்ளைக்குத் தான் தனியாகச் செய்கிறோம் என்பதே அப்புறம்தான் தெரியும். "கண்ண மூடிக்க தம்பி, கை பாக்கட்டும்" என்பார். நம் வொர்க்‌ஷாப்பில்கூட இவ்வளவு பொறுமையான பாடம் நான் பார்த்ததில்லை. மாதக் கடைசியில் வவுச்சரில் கையெழுத்து வாங்கினார்கள். "விவரம்" என்கிற கட்டத்தில் "மண் வேலைக் கூலி" என்று எழுதியிருந்தது. நான் வாசித்துக் காட்டினேன். அப்பா, "கூலிதான தாயி, வேற என்ன?" என்றார். ஆசிரியருக்குச் சான்றிதழ் வேண்டும் என்று விதி இருக்கலாம். சான்றிதழ் இல்லாதவரிடம் பாடம் கேட்கலாம், ஆனால் ஆசிரியர் என்று எழுதக் கூடாது என்றால் அந்த விதி எனக்குப் பிடிபடவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு உலகமும் இருக்கிறது. நூலகத்தில் தேடிப் படித்தேன். புதுச்சேரியில் 1971-ல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற அமெரிக்கர் இருவர் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற கூடத்தைத் தொடங்கினார்கள். அங்கே செய்வது ஸ்டோன்வேர். 1200 டிகிரிக்கு மேல் சுட்டு, மேலே கண்ணாடி போல மெருகு உருக்கிப் பூசுகிற வகை. அங்கே பயின்றவர்களில் பலர் இன்று நாடறிந்த பீங்கான் கலைஞர்கள். செய்வது, கற்பிப்பது, கண்காட்சி வைப்பது மூன்றும் அவர்கள் வாழ்க்கை. அப்பாவுக்கும் இதே மூன்றுதான். அடியில் கையெழுத்து இருப்பதுதான் வித்தியாசம்.

ஜப்பானில் ஷோஜி ஹமாடா என்று ஒரு மேதை. 1920-ல் பெர்னார்டு லீச் என்பவரோடு இங்கிலாந்து போய் செயின்ட் ஐவ்ஸ் என்ற ஊரில் சூளை கட்டியவர். பிறகு ஊர் திரும்பி மஷிகோ என்ற குயவர் கிராமத்தில் குடியேறினார். 1955-ல் அந்த நாட்டு அரசு அவரை வாழும் தேசியச் செல்வங்களில் ஒருவராக அறிவித்தது. அவர் தன் பாத்திரங்களில் கையெழுத்துப் போடுவதில்லை! அவருடைய நண்பர் சோயெட்சு யானகி, பேர் தெரியாத தொழிலாளி செய்த எளிய பொருளில்தான் உண்மையான அழகு இருக்கிறது என்று எழுதினார். இதைப் படித்ததும் எனக்குக் குழப்பம். அப்படியானால் அப்பா சரிதானோ? நான்தான் வீணாகப் பேருக்கு அலைகிறேனோ? இரண்டு நாள் யோசித்தேன். ஹமாடா கையெழுத்துப் போடாவிட்டாலும் அது ஹமாடாவின் கிண்ணம் என்று உலகத்துக்குத் தெரியும். வேண்டாம் என்று விடுவதற்கு முதலில் கையில் ஒரு பேர் வேண்டும். அப்பாவிடம் யாரும் அதைக் கேட்கவே இல்லை.

கேட்டால் கிடைக்காமல் இல்லை. 2020-ல் பத்மஸ்ரீ பெற்றவர்களில் ஒருவர் புதுச்சேரி வில்லியனூரைச் சேர்ந்த சுடுமண் சிற்பக் கலைஞர் முனுசாமி. செய்தித்தாளில் வந்த அந்தப் படத்தை அப்பா வெட்டிச் சக்கரத்துக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். 2023-ல் எங்கள் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பேர் வந்துவிட்டது. இனி ஆளுக்கு வர வேண்டும்.

எனக்கு உறுதி வந்தது கீழடியில். 2023-ல் அங்கே அருங்காட்சியகம் திறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போனோம். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை பழமையானது என்று 2019-ல் தொல்லியல் துறை அறிக்கை வெளியிட்ட இடம். கண்ணாடிக்குள் கருப்பு-சிவப்புப் பானைகள். உள்ளேயும் வாய்ப்பக்கமும் கருப்பு, கீழே சிவப்பு. "இரண்டு வண்ணம் பூசியிருப்பாங்களோ?" என்று பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவர்கள் பேசிக்கொண்டார்கள். அப்பா தாங்க முடியாமல் திரும்பினார். "பூசல தம்பி. கவுத்து வச்சு சுட்டது. வாய் சாம்பலுக்குள்ள, உமிக்குள்ள பொதைஞ்சிருக்கும். காத்து போகாத எடம் கருப்பாயிரும். காத்து பட்ட எடம் செவக்கும்." ஆய்வாளர்கள் சொல்கிற விளக்கமும் அதுதான். ஆக்சிஜன் கிடைத்தால் மண்ணில் உள்ள இரும்பு சிவக்கும், கிடைக்காவிட்டால் கரி ஏறிக் கருக்கும். அந்த மாணவர்கள் நோட்டை எடுத்துவிட்டார்கள்! அரைமணி நேரம் அப்பா ஒவ்வொரு பானையாகக் காட்டிப் பாடம் நடத்தினார். இது சக்கரத்தில் எழுந்தது, இது தட்டி விரித்தது, இந்த விளிம்பு ஈரத்துணியால் மடித்தது என்று. அவர்களில் ஒரு பெண் கடைசியில், "சார், உங்க பேர் என்ன?" என்று கேட்டாள். எங்கள் அப்பாவை ஒருவர் "சார்" என்றது அன்றைக்குத்தான்.

அங்கே ஓட்டுச் சில்லுகளில் தமிழி எழுத்தில் கீறிய பேர்கள் இருக்கின்றன. ஆதன், குவிரன் என்று. பானையை வைத்திருந்தவர்களின் பேராக இருக்கலாம் என்று விளக்குகிறார்கள். அப்பத்தாவுக்கு நான் வாசித்துக் காட்டினேன். அப்பத்தா கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டு, "வாங்குனவன் பேர் இருக்கு. செஞ்சவ பேர் எங்கடி?" என்றார். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷக் கேள்வி!

அந்த வாரமே முடிவு செய்தேன். அப்பாவுக்கு ஒரு முத்திரை செய்ய வேண்டும். 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் எனக்கு வந்த பணத்தில் ஒரு துண்டு பித்தளைக் கம்பி வாங்கினேன். என்ன எழுத்து வெட்டுவது என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் மண்ணைப் பிசைந்துகொண்டே இருந்தார். "என் பேரு மட்டும் போட்டா, ஒங்கம்மா மிதிச்ச மிதிக்கும் தட்டுன தட்டுக்கும் என்ன கணக்கு?" என்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆகவே அப்பா பேரின் முதல் எழுத்து, அம்மா பேரின் முதல் எழுத்து, நடுவில் ஒரு சக்கரம்.

இனி நம் பாடம். ஈர மண் தட்டில் 10 செ.மீ. கோடு ஒன்று கீறினேன். காய்ந்ததும் 9.4. சுட்டதும் 9.2. அதாவது 100-க்கு 8 சுருக்கம். ஃபவுண்டரியில் பேட்டர்னுக்குச் சுருக்க அளவு கூட்டுவோமே, அதே கணக்கு. சுட்ட பிறகு எழுத்து 6 மி.மீ. இருக்க வேண்டுமானால் முத்திரையில் 6.5 மி.மீ. வெட்ட வேண்டும். எழுத்தைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திருப்பி வெட்டினேன். மண்ணிலிருந்து சுத்தமாகப் பிரிய எழுத்தின் பக்கங்களுக்குச் சரிவு கொடுத்தேன். கம்பியை லேத்தில் கடைந்து பிடி போட்டேன். நம் வொர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் ஐயா மதிய சாப்பாட்டு நேரத்தில் கூடவே நின்று ஊசி அரம் பிடிக்கச் சொல்லித்தந்தார். அவருக்கு என் நன்றி. எங்கே குத்துவது என்பதை அம்மா சொன்னார். வயிற்றில் குத்தினால் தட்டும்போது அழிந்துவிடும். கடைசித் தட்டு முடிந்து, நகம் பதிகிற பக்குவத்தில், கழுத்துக்குக் கீழே, சாம்பல் தொட்டுக் குத்த வேண்டும்.

இத்தோடு சுபம் என்று முடித்தால் நன்றாக இருக்கும். நடந்தது அப்படி இல்லை. எங்களிடம் தயிர்ச் சட்டியும் மண் தண்ணீர் பாட்டிலும் மொத்தமாக எடுக்கிற வியாபாரி ஒருவர் உண்டு. எங்களிடம் 40 ரூபாய்க்கு வாங்குகிற சட்டி, அவர் ஸ்டிக்கர் ஒட்டியதும் நகரத்துக் கடையில் 180 ரூபாய். முத்திரையைப் பார்த்ததும், "இது இருந்தா நான் எடுக்க முடியாது. என் ஸ்டிக்கருக்கு மேல ஒங்க பேரு எதுக்கு?" என்றார். அப்போது எனக்கு ஹாஸ்டல் கட்டணம் கட்ட இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அந்தச் சூளை முழுவதும் அப்பா முத்திரை இல்லாமல் கொடுத்தார். நான் ஒன்றும் பேசவில்லை. என்ன பேச முடியும்? என் படிப்புக்குத்தான் அந்தப் பேர் அன்றைக்குப் போனது.

அடுத்த சூளைக்கு அப்பாவே முத்திரையை எடுத்தார். எல்லாவற்றிலும் குத்தினார். வியாபாரி முணுமுணுத்துவிட்டுப் பாதியை எடுத்தார், விலையைக் கூட்டவில்லை. மீதிப் பாதியை மதுரையில் ஒரு வாரச் சந்தையில் அம்மா விற்றார். நஷ்டமில்லை, பெரிய லாபமும் இல்லை. அய்யனார் குதிரையில் மட்டும் முத்திரை கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். "அது ஊர் பிடிமண். அதுல நம்ம பேர் எதுக்கு?" சரி, அது அவர் கணக்கு. பள்ளிக்கூட வவுச்சரில் இப்போது நானே "பயிற்றுநர் மதிப்பூதியம்" என்று எழுதிக் கொடுத்தேன். கணக்கர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் பணம் கொடுத்தார். தொகை அதேதான். ஆனால் அப்பா அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"நீ படித்து முடித்துப் பானை செய்வாயா?" என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்கிறேன். கேம்பஸ் இண்டர்வியூவில் வேலை கிடைத்தால் போவேன். அப்பாவும் அதைத்தான் சொல்கிறார். கடன் இருக்கிறது, தம்பி படிக்கிறான். ஆனால் சம்பளம் வந்ததும் நம் ஊர்ச் சூளைக்கு வெப்பமானி ஒன்று வாங்கி வைக்க வேண்டும், விறகு குறைய வழி பார்க்க வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அப்பா பேரை இந்தக் கட்டுரையில் போடட்டுமா என்று கேட்டதற்கு, "பொஸ்தகத்துல வேணாம் தாயி, பானையில இருந்தா போதும்" என்றுவிட்டார். ஆகவே போடவில்லை.

நண்பர்களே! இந்தக் கல்லூரியில் பலர் என்னைப் போல வீட்டில் முதலாவதாகப் படிக்க வந்தவர்கள். உங்கள் வீட்டிலும் தறி இருக்கும், உலை இருக்கும், உளி இருக்கும், வலை இருக்கும். வார்த்தை தெரியாததால் நம் பெற்றோர் சொல்லாமல் விட்ட விஷயம் நிறைய. வார்த்தை நமக்குத் தெரியும். அடுத்த விடுமுறைக்குப் போகும்போது ஒரு ஸ்கேலும் நோட்டும் எடுத்துப் போங்கள். அளவு என்ன, சூடு என்ன, எத்தனை நாள், ஏன் அப்படி என்று கேட்டு எழுதுங்கள். பக்கத்தின் மேலே சொன்னவர் பேரை எழுதுங்கள்.

வருகிற கார்த்திகைக்கு அகல் விளக்கு வாங்கும்போது ஒரு நிமிஷம் திருப்பிப் பாருங்கள். பேர் இல்லையென்றால், "இதை யார் செஞ்சது?" என்று கடைக்காரரைக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் முறைப்பார். நூறு பேர் கேட்டால் பதில் தேடி வைத்திருப்பார்.